மாடியில் நின்றவர்களும் கீழே பேசியவரும்

சில வருசங்களுக்கு முன்னால், வழக்கறிஞர்களும் களப்பணியாளர்களும் கலந்துகொண்ட ஒரு மனித உரிமைப் பயிற்சி முகாமில் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ படத்தைப் போட்டுக் காட்டினார்கள். 1962-ல் வந்த கருப்பு வெள்ளை அமெரிக்கப் படம். ஆட்டிகஸ் ஃபிஞ்ச் என்கிற வெள்ளை வக்கீல், செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்ட கருப்பர் ஒருவருக்காக வாதாடித் தோற்றுப்போய், காகிதங்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு தனியாக வெளியே நடக்கிறார். கீழே இருந்த வெள்ளையர்கள் கலைந்துவிட்டார்கள். மாடியில் இருக்கிற கருப்பர்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். அவர்களோடு மாடியில் உட்கார்ந்திருந்த வக்கீலின் மகளையும் எழுந்து நிற்கச் சொல்கிறார் ஒரு கருப்புப் பாதிரியார்.

அரங்கத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானுந்தான். விளக்கைப் போட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார். விவசாயக் கூலிகள் சங்கத்திலிருந்து வந்தவர், சேரிக்காரர். “அந்த வக்கீலு நல்லவருதான் தம்பி, இல்லேங்கல. ஆனா நம்மாளுங்க ஏன் மேலயே நின்னாங்க? கீழ எடமில்லியா? அத அவரு ஒரு வார்த்த கேக்கலியே?” பயிற்சி கொடுத்தவர் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் அந்தக் காலம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த அமர்வுக்குப் போய்விட்டார். படத்தில் வந்த ஆட்களை அந்த அக்கா ‘நம்மாளுங்க’ என்று சொன்னதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது. தமிழ் எம்.ஏ. படித்தவன் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த நாவலைப் படித்தேன். அப்புறம் நாவலுக்கு வெளியே நடந்ததையும் தேடிப் படித்தேன்.

நாவலை எழுதியவர் ஹார்ப்பர் லீ (1926–2016). அலபாமா மாநிலத்தில் மன்ரோவில் என்கிற சின்ன ஊர்க்காரர். வக்கீல் மகள். நாவல் 1960-ல் வந்தது, 1961-ல் புலிட்சர் பரிசு வாங்கியது. படத்தில் ஆட்டிகசாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. 2003-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் திரையில் வந்த நாயகர்களைத் தரவரிசைப்படுத்தியபோது முதலிடம் ஆட்டிகசுக்குத்தான். இவரைப் பார்த்துத்தான் சட்டம் படிக்க வந்தேன் என்று சொல்லாத அமெரிக்க வக்கீல் குறைவு. அலபாமா வக்கீல்கள் சங்கம் 1997-ல் மன்ரோவில் ஊரில் ஆட்டிகசுக்கு ஒரு நினைவுக்கல்லே நட்டது. நம்ம ஊரில் செத்த வீரனுக்குத்தான் நடுகல். அங்கே பிறக்கவே பிறக்காத ஆளுக்கு நட்டிருக்கிறார்கள்!

கதை 1935-ல் நடக்கிறது. டாம் ராபின்சன் கருப்பர், பண்ணைக் கூலி. சின்ன வயதில் இடது கை பருத்தி அரவை எந்திரத்தில் சிக்கிச் சூம்பிப்போனவர். ஊர்க் குப்பைமேட்டு ஓரமாகக் குடியிருக்கும் ஏழை வெள்ளைக்காரன் ஒருவனின் மகளைக் கெடுத்துவிட்டதாக அவர்மேல் வழக்கு. அந்தப் பெண்ணை அடித்தவன் இடது கைப் பழக்கமுள்ளவன், அவளைப் பெத்த அப்பன்தான் என்பதை ஆட்டிகஸ் கோர்ட்டில் விளங்க வைத்துவிடுகிறார். ஆனாலும் பன்னிரண்டு வெள்ளையர் அடங்கிய ஜூரி, குற்றவாளி என்கிறது. அப்பீலுக்குக் காத்திருக்கையில் சிறையிலிருந்து தப்ப முயன்றதாகச் சொல்லி டாமைச் சுட்டுக் கொல்கிறார்கள். உடம்பில் பதினேழு குண்டு.

அந்த ஜூரியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு பண்ணுகிற முறை அது. வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டிலும் இருந்தது, 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முற்றாக ஒழிந்தது. அமெரிக்காவில் அதுதான் எல்லாம். ஜூரி பெட்டியில் யார் உட்காருகிறார்கள் என்பதில் இருக்கிறது உயிரும் சாவும். கருப்பர்களை ஜூரியிலிருந்து ஒதுக்கிச் சட்டம் போடக்கூடாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1880-லேயே சொல்லிவிட்டது. தென் மாநிலத்து வெள்ளையர்கள் என்ன செய்தார்கள்? சட்டத்தில் எழுதாமல் வழக்கத்தில் ஒதுக்கினார்கள். தீண்டாமை சட்டத்தில் இல்லாமல் டீக்கடையில் இருக்கிற மாதிரி.

1931 மார்ச்சில், இதே அலபாமாவில், சரக்கு ரயிலில் போன ஒன்பது கருப்பு இளைஞர்களை இறக்கி, இரண்டு வெள்ளைப் பெண்களைக் கெடுத்ததாக வழக்குப் போட்டார்கள். ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று பேர். சில நாட்களிலேயே விசாரணை முடித்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை. கம்யூனிஸ்டுகளின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு வழக்கைக் கையிலெடுத்தது. ஏடா ரைட் என்கிற தாய், இரண்டு மகன்கள் சிறையில் இருக்க, 1932-ல் அய்ரோப்பிய நாடுகளில் ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசினார். 1933-ல் அந்த இரண்டு பெண்களில் ஒருவரே அப்படி எதுவும் நடக்கலை என்று கோர்ட்டில் சொன்னார். அப்படியும் ஜூரி குற்றவாளி என்றது. ஜேம்ஸ் ஹார்ட்டன் என்கிற நீதிபதி, அலபாமா வெள்ளைக்காரர்தான், அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். அடுத்த தேர்தலில் பதவி போச்சு.

வழக்கை வாதாடிய லீபோவிட்ஸ், நியூயார்க்கிலிருந்து வந்த யூதர், ஒரு காரியம் செய்தார். இந்த மாவட்டத்தில் ஒரு கருப்பர்கூட ஜூரியில் உட்கார்ந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை, அதனால் இந்த விசாரணையே செல்லாது என்றார். கேஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூரிப் பட்டியலில் கருப்பர் பெயர்களை அப்புறமாக இடைச்செருகல் செய்திருந்தார்கள். அந்தப் பதிவேட்டையே வாஷிங்டனுக்குத் தூக்கிக்கொண்டு போய், பூதக்கண்ணாடி வைத்து நீதிபதிகளைப் பார்க்க வைத்தார். 1935 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பு: கருப்பர்களைத் திட்டமிட்டு ஒதுக்கிய ஜூரி அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம்.

கதையில் டாம் ராபின்சனின் விசாரணை நடப்பது அதே 1935-ல், அந்தத் தீர்ப்புக்குப் பின்வந்த கோடையில். அதே மாநிலம். அதே மாதிரிக் குற்றச்சாட்டு. ஆட்டிகஸ் வெறும் கிராமத்து வக்கீலும் இல்லை, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அலபாமா வக்கீல்கள் அத்தனை பேர் வாயிலும் இருந்திருக்க வேண்டிய அந்தத் தீர்ப்பைப் பற்றி அவர் மூச்சு விடுவதில்லை. தீர்ப்புக்குப் பிறகு மகன் அவரிடம் கேட்கிறான், நம்மளை மாதிரி ஆட்கள் ஏன் ஜூரியில் உட்காருவதில்லை என்று. அப்பா பொறுமையாக விளக்குகிறார். பெண்கள் உட்காரச் சட்டத்தில் இடமில்லை, டவுன்காரர்கள் வியாபாரம் கெடும் என்று நழுவிவிடுகிறார்கள் என்கிறார். டாமின் சனங்கள் ஏன் உட்காருவதில்லை என்பது அவர் விளக்கத்திலும் இல்லை, பையனின் கேள்வியிலும் இல்லை. அப்பனும் மகனும் மறந்துபோனதா இது? அவர்கள் உலகத்தில் அப்படி ஒரு கேள்வியே எழ முடியாது, அதுதான் விசயம்.

அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டிருந்தால் ஊர் சும்மா விட்டிருக்குமா என்று சிலர் சொல்வார்கள். விட்டிருக்காது. ஹார்ட்டனை விடவில்லை. லீபோவிட்சுக்குக் கொலை மிரட்டல் வந்தது. ஆனால் அவர்கள் கேட்டார்கள். ஹார்ட்டனுக்குக் கோயில் கட்டாமல் ஆட்டிகசுக்கு ஏன் கட்டினார்கள் என்று யோசிக்கிறேன்.

பதில் ஆட்டிகசின் கடைசி வாதத்திலேயே இருக்கிறது. எல்லா மனிதரும் சமம் என்ற ஜெஃபர்சனின் வாசகத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கண்ட இடத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் அலுத்துக்கொள்கிறார். மனிதர்கள் அறிவில் சமமில்லை, வாய்ப்பில் சமமில்லை, திறமையில் சமமில்லை. ஆனால் ஒரே ஒரு இடத்தில் சமம். அது கோர்ட்டு. இந்தப் பேச்சைத்தான் சட்டக் கல்லூரிகளில் கொண்டாடுகிறார்கள். கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். வெளியே சமமில்லை என்பதை ஒப்புக்கொண்டு, கோர்ட்டு வாசற்படி தாண்டியதும் சமம் என்கிறார். அந்தக் கோர்ட்டிலும் கருப்பர் நிற்பது மாடியில். அவர்களுக்கு ஓட்டு? 1901-ல் அலபாமாவில் எழுதிய மாநில அரசமைப்புச் சட்டம் தலைவரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் வைத்து அதைப் பிடுங்கிவிட்டது. அந்த ஓட்டில்லாத தேர்தலில்தான் ஆட்டிகஸ் போட்டியே இல்லாமல் ஜெயித்துச் சட்டமன்றம் போகிறார். இப்படி ஒரு ஊரில் கோர்ட்டு மட்டும் எப்படிங்க சமமாக இருக்கும்? இந்தப் பார்வையில் நீதி என்பது ஒரு நல்ல மனுசன் இன்னொரு பாவப்பட்ட மனுசனுக்குக் கொடுக்கிற கொடை. கொடுத்தால் கும்பிடலாம். கொடுக்காவிட்டால் கேட்க முடியாது.

கு கிளக்ஸ் கிளான் பற்றிப் பிள்ளைகளிடம் அவர் பேசுகிற இடமும் இருக்கிறது. அது 1920 வாக்கில் இருந்த ஒரு அரசியல் அமைப்பு மாதிரி, பயமுறுத்த ஆள் கிடைக்காமல் போய்விட்டது என்று லேசாகத் தட்டிவிடுகிறார். உண்மை என்ன? கிளானின் ஆதரவோடு 1926 தேர்தலில் ஜெயித்து ஆளுநரான பிப் கிரேவ்ஸ், கிளானில் பொறுப்பில் இருந்தவர். 1935-ல் மறுபடியும் அவரேதான் அலபாமா ஆளுநர்! டாமை அடித்துக் கொல்ல ராத்திரியில் சிறைவாசலுக்கு வந்த கும்பலில் இருந்த ஒருவனைப் பற்றியும், அடிப்படையில் நல்லவன்தான், ஒரு பக்கம் கண் மறைத்துவிட்டது என்கிற தோரணையில் மகனுக்குச் சொல்கிறார். டஸ்கீகி நிறுவனத்துக் கணக்குப்படி 1882 முதல் 1968 வரை அமெரிக்காவில் கும்பல் கொலைக்குப் பலியான கருப்பர்கள் 3,446 பேர். இத்தனை பேரையும் கொன்றவர்கள் யார்? அடிப்படையில் நல்லவர்கள்.

நாவலில் இனவெறி முழுக்கக் குப்பைமேட்டு வெள்ளையன் தலையில் போடப்படுகிறது. அவன் குளிக்காதவன், குடிகாரன், பெத்த மகளையே அடிப்பவன். படித்த, சொத்துள்ள, மரியாதைப்பட்ட வெள்ளைக் குடும்பங்கள் கை கழுவிக்கொள்கின்றன. ஓட்டைப் பிடுங்கிய சட்டத்தைக் குப்பைமேட்டுக்காரனா எழுதினான்?

டாமின் வீட்டு அழுகையை நாம் நேராகப் பார்ப்பதேயில்லை. சாவுச் செய்தி கேட்டு அவர் மனைவி ஹெலன் மண்ணில் விழுவதைக்கூட ஒரு வெள்ளைப் பையன் பார்த்துவந்து சொல்லித்தான் தெரிகிறது. ஏடா ரைட் மாதிரி தாய் இந்த நாவலுக்குள் நுழைய முடியாது. நுழைய முயன்ற ஒருத்தி உண்டு, லூலா. வேலைக்காரி கல்பூர்னியா வெள்ளைப் பிள்ளைகளைக் கருப்பர் தேவாலயத்துக்குக் கூட்டிவந்தபோது, இங்கே எதுக்கு இவங்க என்று வாசலிலேயே மறித்துக் கேட்டவள். சண்டைக்காரி என்று சொல்லி அவளை ஒதுக்கிவிடுகிறார்கள். அதோடு அவள் காணாமல் போகிறாள்.

இதையெல்லாம் நான்தான் புதுசாகக் கண்டுபிடித்தேன் என்றில்லை. 1992-ல் மன்ரோ ஃப்ரீட்மன் என்கிற சட்டப் பேராசிரியர், கோர்ட்டு நியமித்ததால்தானே ஆட்டிகஸ் டாமுக்காக வாதாடினார், சட்டமன்றத்தில் உட்கார்ந்து இனப்பிரிவினைக்கு எதிராக என்ன செய்தார் என்று எழுதினார். அமெரிக்க வக்கீல்கள் கொதித்துப்போனார்கள். ஏதோ சாமியைத் திட்டிவிட்ட மாதிரி.

அந்தச் சாமி 2015-ல் தானாகவே இறங்கி வந்தது. ஹார்ப்பர் லீயின் இன்னொரு கையெழுத்துப் பிரதி ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்று அச்சாகி வந்தது. இரண்டாவதாக வந்தாலும் முதலில் எழுதப்பட்டது இதுதான். 1957-ல் பதிப்பகத்துக்குக் கொடுத்தார். பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப், இதில் வரும் குழந்தைப்பருவப் பகுதியை விரித்து எழுது என்று சொல்லப்போய்ப் பிறந்ததுதான் ‘மாக்கிங்பேர்ட்’. ஆக, முதலில் பிறந்த ஆட்டிகஸ் இவர். வயது எழுபத்திரண்டு. வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தில் உறுப்பினர்.

அந்த மன்றம் கற்பனை இல்லை. பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று 1954 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூலையிலேயே மிசிசிப்பியில் முதல் மன்றம் தொடங்கி, அலபாமாவுக்கும் பரவியது. முகமூடி கிடையாது. வங்கிக்காரர், வக்கீல், வியாபாரி. பிள்ளையை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க மனுப்போட்ட கருப்பருக்கு வேலை போகும், கடன் நிற்கும்.

நியூயார்க்கிலிருந்து ஊருக்கு வந்த மகள் ஜீன் லூயிஸ், அதே கோர்ட்டுக்குப் போய், சின்ன வயதில் உட்கார்ந்த அதே மாடியில் உட்கார்ந்து கீழே பார்க்கிறாள். மன்றக் கூட்டம் நடக்கிறது. ஒருவன் கருப்பர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருக்கிறான். மேசையருகே அப்பா. கருப்பர்கள் இன்னும் குழந்தைப் பருவத்தில் இருக்கிறார்கள், முழு உரிமைக்குத் தயாராகவில்லை, ஓட்டுக் கிடைத்தால் ஆட்சி அவர்கள் கைக்குப் போய்விடும் என்பது அவர் கட்சி. கல்பூர்னியாவின் பேரன் கார் ஓட்டிப்போய் ஒரு வெள்ளையன்மேல் ஏற்றிவிட, அந்தக் கேசை அவரே எடுத்துக்கொள்கிறார். பையன்மேல் பாசத்தினால் இல்லை. கருப்பர் முன்னேற்றச் சங்கத்தின் வக்கீல்கள் ஊருக்குள் வந்துவிடக்கூடாது. வந்தால் முதலில் என்ன கேட்பார்கள்? ஜூரியில் கருப்பர் எங்கே என்று கேட்பார்கள். 1935-ல் ஆட்டிகஸ் கேட்காத அதே கேள்வி.

இன்னொன்று. இந்த நாவலில் பழைய வழக்கு இரண்டொரு பத்தியில் வருகிறது. அதில் ஒற்றைக் கைக் கருப்பரை ஆட்டிகஸ் விடுதலையே வாங்கிக் கொடுத்துவிடுகிறார். ஜெயித்த வக்கீல்தான் மன்றத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

2015-ல் இதைப் படித்த அமெரிக்க வாசகர்கள் அப்படி அழுதார்கள். பிள்ளைக்கு ஆட்டிகஸ் என்று பேர் வைத்தவர்கள் தவித்தார்கள். ஒரு புத்தகக்கடை பணத்தைத் திருப்பித் தருவதாகவே அறிவித்தது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. இரண்டு ஆட்டிகசும் வேறு வேறு ஆள் என்று நான் நினைக்கவில்லை. 1935-ல் மாடியில் எழுந்து நின்று மரியாதை செய்தவர்கள் 1955-ல் மாடியை விட்டுக் கீழே இறங்கி வந்தார்கள். மான்ட்கமரியில் பஸ்ஸைப் புறக்கணித்து ஒரு வருசத்துக்கும் மேல் நடந்தே போனார்கள். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார், இவர்கள்தான் நகர்ந்தார்கள். தன்னிடம் கெஞ்சாமல் தனக்குச் சொந்தமாக வக்கீல் வைத்துக்கொண்டதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

அப்படிப்பட்ட வக்கீல் அலபாமாவில் நிஜமாகவே இருந்தார். ஆர்தர் ஷோர்ஸ். கருப்பர். பர்மிங்காமில் தொழில் செய்தார். அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர ஆதரின் லூசி என்கிற கருப்புப் பெண் போட்ட வழக்கில் அவர் வக்கீல். 1956 பிப்ரவரியில் லூசி உள்ளே நுழைந்ததும் வெள்ளை மாணவர்கள் கலவரம் செய்ய, பல்கலைக்கழகம் லூசியையே வெளியேற்றியது. ஹார்ப்பர் லீ சட்டம் படித்துப் பாதியில் விட்ட அதே பல்கலைக்கழகம். அந்த வருசம் ஜூனில் கருப்பர் முன்னேற்றச் சங்கத்துக்கே மாநில அரசு கோர்ட்டில் தடை வாங்கியது. தடை முற்றாக நீங்க 1964 ஆனது. 1963-ல் ஷோர்ஸ் வீட்டில் இரண்டு தடவை குண்டு வைத்தார்கள். திரையில் கிரிகரி பெக்குக்குக் கைதட்டல் ஓயாத அதே வருசம்.

ஹார்ப்பர் லீயின் அப்பா ஏ.சி. லீ 1919-ல் கொலை வழக்கில் சிக்கிய கருப்பர் இருவருக்காக வாதாடினார், அப்பனும் மகனும். இருவரையும் தூக்கில் போட்டார்கள். அதற்கப்புறம் அவர் குற்ற வழக்கே எடுக்கவில்லை. அந்த வலி உண்மையானது, நான் கேலி செய்ய மாட்டேன். மகள் அதிலிருந்துதான் ஆட்டிகசைப் படைத்தார். அந்த மகளே ‘வாட்ச்மேன்’ ஆட்டிகசையும் எழுதியிருக்கிறார் என்பதுதான் அவருடைய நேர்மை. உலகம் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டது.

அண்ணல் அம்பேத்கர் 1946-ல் கருப்பினச் சிந்தனையாளர் டு பாய்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கருப்பர்கள் அய்.நா.வுக்கு மனுக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, அதன் படி வேண்டுமென்று கேட்டார். டு பாய்ஸ் பதில் எழுதினார். பாதிக்கப்பட்டவன் பாதிக்கப்பட்டவனுக்கு நேராக எழுதிய கடிதங்கள், நடுவில் நல்ல வக்கீல் யாருமில்லை. 1932-ல் தனித்தொகுதி கேட்டபோதும் அம்பேத்கர் கேட்டது இதைத்தான்: எங்களுக்காகப் பேசுகிறவனை நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மன்ரோவில் ஊருக்கே திரும்பிப் போவோம். 1986-ல் அங்கே ஒரு வெள்ளைப் பெண் கொலை செய்யப்பட்டார். வால்டர் மெக்மில்லியன் என்கிற கருப்பர், மரம் அறுத்துப் பிழைத்தவர், 1987-ல் கைதானார். கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில் மீன் வறுத்து விற்கும் நிகழ்ச்சியில் இருந்ததைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். எல்லோரும் கருப்பர்கள், அதனால் அது சாட்சியாகவில்லை. விசாரணைக்கு முன்னாலேயே அவரை மரண தண்டனைக் கைதிகளுக்கான கொட்டடியில் போட்டார்கள். வழக்கைக் கருப்பர் குறைவாக உள்ள பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றினார்கள். 1988-ல் ஒன்றரை நாளில் விசாரணை முடிந்தது. ஜூரியில் பதினோரு வெள்ளையர், ஒரே ஒரு கருப்பர். ஜூரி ஆயுள் தண்டனை என்றது. நீதிபதி அதை மரண தண்டனையாக மாற்றினார். அந்த நீதிபதியின் பெயர் ராபர்ட் ஈ. லீ கீ, அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்ட தளபதியின் பெயர். பிரையன் ஸ்டீவன்சன் என்கிற கருப்பு வக்கீல் வழக்கை எடுத்து, பொய்ச்சாட்சிகளை உடைத்து, 1993 மார்ச்சில் மெக்மில்லியனை வெளியே கொண்டுவந்தார். ஜூரி சொன்னதை மீறி நீதிபதி தூக்குப் போடுகிற அந்த அதிகாரத்தை அலபாமா 2017-ல்தான் நீக்கியது. ஏற்கெனவே அப்படித் தண்டிக்கப்பட்டவர்களுக்கு அது பொருந்தாது என்றும் எழுதிவைத்தது.

மெக்மில்லியன் வெளியே வந்த நான்காவது வருசம்தான் வக்கீல்கள் அந்த ஊரில் ஆட்டிகசுக்குக் கல் நட்டார்கள். பழைய கோர்ட்டுக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். வசந்த காலத்தில் நாவலை நாடகமாகப் போடுகிறார்கள்.

‘வாட்ச்மேன்’ நாவலில் ஒரு இடம் என்னை விடவில்லை. பேரன் கைதானது தெரிந்து ஜீன் லூயிஸ் கல்பூர்னியாவின் வீட்டுக்குப் போகிறாள். அவளைத் தாய் மாதிரி வளர்த்தவர். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், வெள்ளைக்காரி வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். கல்பூர்னியா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளையரிடம் பேசுவதற்கென்று வைத்திருக்கிற மரியாதைப் பேச்சிலேயே அவளிடமும் பேசுகிறார். எனக்கு ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவள் அழ, எங்களுக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறார். நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்களை வெறுத்தாயா என்று கடைசியாகக் கேட்கிறாள். கிழவி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுகிறார்.